வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வலி: பிளாக் ஊசியும் அதில் சேர்க்கும் மருந்துகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மயக்க மருத்துவர். சிசேரியன், குடலிறக்கம், கர்ப்பப்பை நீக்கம், பித்தப்பை என்று வயிற்றில் நடக்கும் அறுவை சிகிச்சைகளுக்கு முந்தைய நாள் நோயாளியைப் பார்க்கப் போனால் சில சந்தேகங்கள் தவறாமல் வரும். வார்டு செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும் கேட்பவை வேறு. எல்லாவற்றையும் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் பாதி பெரும்பாலும் நோயாளிகளும் உறவினர்களும் கேட்டது. பிற்பாதி ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்பவர்கள் கேட்டது. உங்கள் உடல்நிலைக்கு எது பொருந்தும் என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

"வயித்துல பிளாக் போடுறோம்னு சொன்னாங்க. அது மயக்க ஊசியா டாக்டர்?"

இல்லை. அது உங்களைத் தூங்க வைக்காது. வயிற்றின் பக்கவாட்டுச் சுவரில் மூன்று தசைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. வயிற்றுத் தோலுக்கும் தசைக்கும் உணர்வு கொண்டுவரும் நரம்புகள் முதுகிலிருந்து புறப்பட்டு, உள்ளே இருக்கும் இரண்டு தசைகளுக்கு நடுவில் ஓடி முன்பக்கம் வருகின்றன. ஸ்கேன் கருவியில் அந்த இடைவெளியைப் பார்த்தபடி, ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 மி.லி. மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துகிறோம். மருந்து அந்த இடைவெளியில் பரவி நரம்புகளை மரக்க வைக்கிறது. டேப் பிளாக் என்று சொல்வது இதைத்தான்.

இடுப்புக்கு மேலே விரலால் தடவி இடம் கண்டு போடும் முறையை ரஃபி என்ற மருத்துவர் 2001-இல் எழுதினார். ஸ்கேனில் பார்த்துப் போடும் முறையை ஆஸ்திரேலியாவின் ஹெபர்டும் அவர் குழுவினரும் 2007-இல் வெளியிட்டார்கள். உலகம் முழுக்க இது பரவியது அதன் பிறகுதான்.

"முதுகுல ஊசி போட்டாச்சே, அப்புறம் எதுக்கு வயித்துலயும் ஒண்ணு?"

முதுகில் போடும் ஸ்பைனல் ஊசி அறுவை சிகிச்சை நடக்கும் நேரத்துக்கானது. இரண்டு மூன்று மணி நேரத்தில் கால் அசையத் தொடங்கும், கூடவே தையல் வலியும் தொடங்கும். அந்த நேரத்தைத் தாண்டிக் கொண்டுபோகத்தான் பிளாக். பொது மயக்கத்தில் செய்தாலும் இதே கதைதான்: விழித்ததும் வலி காத்திருக்கும்.

ஸ்பைனலிலேயே மார்ஃபின் சேர்த்துப் போட்டிருந்தால் கணக்கு மாறும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

"இதைப் போட்டா வலியே இருக்காதா?"

இருக்கும். குறைவாக இருக்கும். இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்காத நோயாளிதான் மறுநாள் "ஊசி வேலையே செய்யலை" என்று வருத்தப்படுகிறார்.

வயிற்று அறுவை சிகிச்சையில் இரண்டு வகை வலி உண்டு. தோல், தசை, தையல் போட்ட இடம் ஆகியவற்றின் வலி ஒன்று. இருமினால், திரும்பிப் படுத்தால் சுரீரென்று குத்துவது இதுதான். பிளாக் இதைப் பிடிக்கும். மற்றது உள்ளுறுப்பின் வலி: குழந்தை பிறந்தபின் கர்ப்பப்பை சுருங்கும் வலி, குடல் இழுத்துப் பிடிக்கும் வலி. அதன் நரம்புகள் வேறு வழியாகப் போகின்றன, பிளாக் அங்கே எட்டாது. லேப்ராஸ்கோப்பி செய்தவர்களுக்கு வரும் தோள்பட்டை வலியும் அப்படித்தான். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. அதனால்தான் பிளாக் போட்டாலும் பாராசிட்டமாலையும் மற்ற வலி மருந்துகளையும் சேர்த்தே கொடுக்கிறோம்.

"எத்தனை மணி நேரம் தாங்கும்?"

புபிவகைன், ரோபிவகைன் இரண்டும்தான் வழக்கமாகப் போடும் மருந்துகள். தனியாகப் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும், ஒரே ஆளுக்கே வலப்பக்கம் ஒரு மாதிரியும் இடப்பக்கம் ஒரு மாதிரியும் இருக்கலாம்.

தையல் வலி மிகக் கடுமையாக இருப்பது முதல் 24 மணி நேரம். பகல் 11 மணிக்குப் போட்ட பிளாக் இரவு ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் தீர்ந்தால், மீதி இரவு முழுவதும் நோயாளி வலியோடு கிடக்க வேண்டும். அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் மரத்துப்போகும் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் துணைமருந்து.

"மரத்துப்போற மருந்தோட வேற எதையோ கலக்குறாங்களாமே? கலப்படம் மாதிரி தெரியுதே?"

பயப்பட வேண்டாம், இது நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஹைன்ரிஷ் பிரவுன் 1903-இலேயே கொகைனோடு அட்ரினலின் சேர்த்தால் மரப்பு நீடிக்கும் என்று காட்டிவிட்டார். ரத்தக்குழாய் சுருங்குவதால் மருந்து அந்த இடத்தைவிட்டு மெதுவாகக் கரைந்து போகும் என்பது அதன் அடிப்படை.

இன்று டேப் பிளாக்கில் அதிகம் ஆராயப்பட்டிருப்பவை டெக்சாமெத்தசோனும் டெக்ஸ்மெடிடோமிடினும். குளோனிடின், புப்ரினார்ஃபின், மெக்னீசியம் சல்ஃபேட் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். எதைச் சேர்த்தாலும் கிடைப்பது சில மணி நேரம் கூடுதல் நிவாரணமும், அதனால் குறையும் மார்ஃபின், டிரமடால் தேவையும். இரண்டு நாள் வலியே இல்லாமல் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டுதானே? முகம் ஊதிடுமா? பழக்கமாயிடுமா?"

ஸ்டீராய்டுதான். ஆனால் முகம் வீங்குவது, எலும்பு தேய்வது போன்றவை மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வருவது. இங்கே கொடுப்பது ஒரே ஒரு முறை, 4 முதல் 8 மி.கி. இதே அளவை, அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலையும் வாந்தியையும் தடுக்கவும் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறோம். தையல் போட்ட வயிற்றோடு வாந்தி எடுப்பது எவ்வளவு கொடுமை என்று பட்டவர்களுக்குத் தெரியும். அதுவும் சேர்ந்தே தீர்கிறது.

விழித்திருப்பவருக்கு இதை ரத்தக்குழாயில் வேகமாகச் செலுத்தினால் தொடையிடுக்கில் சில நொடிகள் கடும் அரிப்போ எரிச்சலோ வரும். ஆபத்தில்லை. மெதுவாக, நீர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் வராது.

"எனக்குச் சுகர் இருக்கு. ஸ்டீராய்டு போட்டா புண் ஆறாம சீழ் பிடிக்காதா?"

நியாயமான பயம். இதற்கு நல்ல விடை கிடைத்திருக்கிறது. 2021-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான பாடி (PADDI) என்ற பெயருடைய ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் உட்பட 8,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். ரத்தக்குழாயில் 8 மி.கி. டெக்சாமெத்தசோன் பெற்றவர்களில் 8.1 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 9.1 சதவீதத்தினருக்கும் 30 நாளுக்குள் காயத்தில் தொற்று வந்தது. அதாவது ஸ்டீராய்டால் தொற்று கூடவில்லை.

ஆனால் சர்க்கரை ஏறும். அடுத்த 24 மணி நேரம் அடிக்கடி பார்த்து, தேவைப்பட்டால் இன்சுலின் கூட்ட வேண்டும். சர்க்கரை ஏற்கெனவே கட்டுக்கு அடங்காமல் இருப்பவருக்கு நான் 4 மி.கி.யோடு நிறுத்துவேன், அல்லது கொடுக்க மாட்டேன்.

"குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். பிளாக்கில் போடும் மருந்து தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவே வரும். ஒரு முறை கொடுக்கும் டெக்சாமெத்தசோனுக்காகப் பால் நிறுத்த வேண்டியதில்லை. உண்மையில் வலி குறைந்த தாய்தான் எழுந்து உட்கார்ந்து பிள்ளையைச் சரியாகப் பிடித்துப் பால் கொடுக்கிறார். பிரசவ வார்டில் வலி நிவாரணத்தை ஆடம்பரமாக நினைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது மாற வேண்டும்.

"வலியை இப்படி அமுக்கி வெச்சா உள்ள ரத்தம் கசியறது தெரியாம போயிடாதா?"

மூன்றாம் கேள்விக்குச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்: பிளாக் வயிற்றுச் சுவரைத்தான் மரக்க வைக்கிறது. உள்ளே ரத்தம் கசிந்தாலோ குடல் தையல் விட்டாலோ வரும் உள்வலி பெருமளவு தெரியும். அதோடு நாடித் துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர் குறையும், வயிறு உப்பும். கண்காணிப்பவர்கள் பார்ப்பது இவற்றை. பிளாக் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென்று கடும் வலி வந்தால், அதை "மருந்து தீர்ந்துவிட்டது" என்று விட்டுவிடாமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

"தங்கச்சிக்கு ஊசி போட்ட பிறகு ஒரு கால் தூக்க வரலை. பக்கவாதமா?"

பெரும்பாலும் இல்லை. மருந்து சில சமயம் கீழே வழிந்து தொடை நரம்பைத் தொட்டுவிடும். முட்டி மடங்கிப்போகும், தொடை மரத்திருக்கும். மரப்பு தீரும்போது தானாகச் சரியாகும். துணைமருந்து சேர்த்திருந்தால் இதுவும் கூடுதல் நேரம் நீடிக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. முதல் முறை எழும்போது ஒருவர் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டும், தனியாகக் கழிவறைக்கு விடக் கூடாது. ஸ்பைனலும் போட்டிருந்தாலோ, இரண்டு காலும் வரவில்லை என்றாலோ, முதுகு வலியும் சேர்ந்தாலோ உடனே மயக்க மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு திடீர்னு வலி பிச்சுக்கிட்டு வந்துச்சு. பிளாக் போடாமலே இருந்திருக்கலாமோ?"

பிளாக் படிப்படியாகத் தீராமல் சட்டென்று தீரும்போது இப்படி நடக்கும். அதுவரை சுகமாக இருந்தவர், "வலி இல்லையே, எதுக்கு மாத்திரை" என்று பாராசிட்டமாலைத் தள்ளிப்போட்டிருப்பார். செவிலியரும் தூங்குபவரை எழுப்ப வேண்டாம் என்று விட்டிருப்பார். மருந்து உடலில் ஒன்றுமே இல்லாத நேரத்தில் மரப்பு விலகினால் வலி முழுவதுமாக வந்து விழும்.

இதற்குத் தீர்வு எளிது. 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, கல்லீரல் கோளாறு இல்லாத பெரியவருக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 1 கிராம் பாராசிட்டமால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்து. சிறுநீரகம், அல்சர், ஆஸ்துமா, ரத்தக் கசிவுத் தொல்லை எதுவும் இல்லையென்றால் டைக்ளோஃபெனாக் போன்ற ஒன்றும் சேரும். துணைமருந்துகளைப் பற்றி எவ்வளவு பேசினாலும், அந்த இரவு 12 மணி பாராசிட்டமால் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் என் முதல் கவலை. அது தவறினால் எந்தத் துணைமருந்தும் காப்பாற்றாது.

"டெக்சாவை பிளாக்லயே கலக்கணுமா, ரத்தக்குழாயில போட்டா போதாதா?"

இங்கிருந்து பயிற்சி மருத்துவர்களின் கேள்விகள். இது அவர்களோடு நான் அதிகம் வாதாடும் விஷயம். 2017-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது) கை, கால் பிளாக்குகளைப் பார்த்தது. மருந்தோடு கலந்து போட்டால் மரப்பு சராசரியாக 6.7 மணி நேரம் நீண்டது. ரத்தக்குழாயில் போட்டாலும் 6.2 மணி நேரம் நீண்டது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்தபோது கலந்து போட்டதில் மூன்று மணி நேரம் அளவே கூடுதல்.

நரம்போரம் போட டெக்சாமெத்தசோனுக்கு உரிமம் இல்லை. பல குப்பிகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதப்பொருள் வேறு இருக்கிறது. மூன்று மணி நேர லாபத்துக்காக அதை நரம்பின் பக்கத்தில் கொண்டுபோய்விட எனக்கு மனம் வருவதில்லை. ரத்தக்குழாயில் போடுகிறேன். வாந்தித் தடுப்பும் கிடைக்கிறது, செலவு சில ரூபாய். கலந்துதான் போடுவேன் என்பவர்கள் பதப்பொருள் இல்லாத குப்பியைப் பயன்படுத்தட்டும், உரிமத்துக்கு வெளியே பயன்படுத்துவதை நோயாளியிடம் சொல்லட்டும்.

"ரோபிவகைன்ல டெக்சா விட்டேன், சிரிஞ்சுல வெள்ளையா ஏதோ தெரியுது. போடலாமா?"

கூடாது, கொட்டிவிடுங்கள். டெக்சாமெத்தசோன் கரைசலின் காரத்தன்மையால் ரோபிவகைன் படிகமாகப் பிரிகிறது. ஆய்வகத்தில் உறுதியான விஷயம் இது. கண்ணுக்குத் தெரியாமலும் நடக்கும் என்பதால், "தெளிவாத்தானே இருக்கு" என்பதும் உத்தரவாதம் இல்லை. மேலே சொன்ன ரத்தக்குழாய் வழியை நான் விரும்ப இதுவும் ஒரு காரணம்.

"டெக்ஸ்மெடிடோமிடின் அதைவிட நல்லதுன்னு சொல்றாங்களே?"

முதலில் ஓர் எச்சரிக்கை. தியேட்டரில் இரண்டையும் "டெக்ஸ்" என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்கள். ஒன்று மில்லிகிராமில், மற்றது மைக்ரோகிராமில். முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், சிரிஞ்சில் முழுப் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

டெக்ஸ்மெடிடோமிடின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியை அமைதிப்படுத்த வந்த மருந்து. அமெரிக்காவில் 1999-இல் அனுமதி பெற்றது. ஒரு நரம்பு ஒரு முறை துடித்த பிறகு அடுத்த துடிப்புக்குத் தயாராவதை அது தாமதப்படுத்துகிறது. பிளாக்கில் வழக்கமாகக் கிலோவுக்கு 0.5 முதல் 1 மைக்ரோகிராம் சேர்க்கிறார்கள். மரப்பு சீக்கிரம் பிடிக்கிறது, சில மணி நேரம் நீள்கிறது. விலையாக நாடித் துடிப்பு குறைகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, தூக்கம் அழுத்துகிறது. இதுவும் நரம்போரம் போட உரிமம் பெறாததே.

மானிட்டரும் ஆளும் இருக்கும் இடத்தில் இளம் வயதினருக்குத் தாங்கும். நாடித் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர், நாடி ஏற்கெனவே 50-களில் இருப்பவர், இதயத் துடிப்புக் கடத்தலில் தடை உள்ளவர் – இவர்களுக்கு நான் போடுவதில்லை. ஒரு செவிலியர் இரவில் முப்பது கட்டிலைப் பார்க்கும் பொது வார்டுக்கு நேரே அனுப்பப்போகும் முதியவருக்கும் போடுவதில்லை. வலியைவிட ரத்த அழுத்தம் சரிந்து விழுவது மோசம்.

"அட்ரினலின், கெட்டமைன், மிடசோலம்?"

அட்ரினலின் 2,00,000-இல் 1 பங்கு சேர்த்தால் மருந்து ரத்தத்தில் ஏறும் வேகம் குறையும். பாதுகாப்புக்கு அது உதவும், நீண்ட நேர மருந்துகளோடு மரப்பு பெரிதாக நீளாது. கெட்டமைனையும் மிடசோலத்தையும் நரம்போரம் போடாதீர்கள்: நரம்புச் செல்லைக் கெடுக்கும் என்ற அச்சம் இருக்கிறது, பலனும் இல்லை.

"துணைமருந்து சேர்த்தா முக்கிய மருந்தோட அளவைக் கூட்டிக்கலாமா?"

இல்லவே இல்லை. பாதுகாப்பு வரம்பு அப்படியேதான் இருக்கும். 42 கிலோ எடையுள்ள ஒரு தாய்க்குக் கணக்குப் போடுங்கள். 0.25 சதவீத புபிவகைன் ஒரு மி.லி.க்கு 2.5 மி.கி. இரு பக்கமும் சேர்த்து 40 மி.லி. என்றால் 100 மி.கி., கிலோவுக்கு ஏறக்குறைய 2.4. வரம்பாகக் கொள்வது 2 முதல் 2.5. ஸ்பைனலில் போன 10 மி.கி.யும், அறுவை மருத்துவர் தையலில் விட்டதும் இதில் இன்னும் சேரவில்லை. கர்ப்பிணிகளுக்கு மருந்தைப் பிடித்துவைக்கும் ரத்தப் புரதமும் குறைவு.

இந்த பிளாக்குக்கு மருந்தின் அடர்த்தியைவிடக் கொள்ளளவு முக்கியம். எனவே நீர்த்துப் போடுங்கள். வாயைச் சுற்றி மரப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பிதற்றல், வலிப்பு – இவை தெரிந்தால் மருந்து ரத்தத்தில் ஏறிவிட்டது. ஆக்சிஜன், வலிப்புக்கு மருந்து, 20 சதவீத லிப்பிட் (கொழுப்பு) கரைசல் கிலோவுக்கு 1.5 மி.லி. உடனே. அந்தக் கரைசல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமல் பிளாக் போட ஊசியை எடுக்கக் கூடாது.

"ஸ்பைனல்ல மார்ஃபின் போட்ட சிசேரியனுக்கும் துணைமருந்தோட பிளாக் போடணுமா?"

வழக்கமாகத் தேவையில்லை. ஸ்பைனலில் சேர்க்கும் 100 மைக்ரோகிராம் அளவு மார்ஃபின் உள்வலியையும் சேர்த்துப் பல மணி நேரம் பிடிக்கும். அதன் மேல் டேப் பிளாக் போட்டால் கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம் என்றே ஆய்வுகள் காட்டியுள்ளன. அறுவை சிகிச்சை வலிக்கு வழிகாட்டும் பிராஸ்பெக்ட் குழுவின் சிசேரியன் வழிகாட்டுதலும் மார்ஃபின், பாராசிட்டமால், அழற்சி குறைக்கும் மருந்து, குழந்தை பிறந்ததும் ரத்தக்குழாயில் ஒரு முறை டெக்சாமெத்தசோன் என்றுதான் போகிறது. மார்ஃபின் கொடுக்காதபோதுதான் பிளாக்கைச் சொல்கிறது.

ஸ்பைனலில் போடத் தகுந்த, பதப்பொருள் இல்லாத மார்ஃபின் எல்லா மருத்துவமனையிலும் கையில் இருப்பதில்லை. இருந்தாலும் மூச்சைக் கண்காணிக்க ஆள் வேண்டும். அந்த இடங்களில் பிளாக் பெரிய வரம்.

"நடுவயித்துல நீளமாக் கிழிச்ச கேஸ். டெக்ஸ்மெட் கலந்து ஒரே ஊசியா டேப் போட்டு முடிச்சுடலாமா?"

முடிக்க முடியாது. பக்கவாட்டில் போடும் வழக்கமான டேப் பிளாக் பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழேதான் பிடிக்கும். மேல் வயிற்றுக்கு விலா எலும்பின் ஓரமாகத் தனியாகப் போட வேண்டும். நான்கு இடத்தில் போட்டால் மேலே 42 கிலோ தாய்க்குப் போட்ட அளவுக் கணக்கு கழுத்தை நெரிக்கும்.

குடல் வெட்டி இணைத்தது போன்ற பெரிய கீறலுக்கு, மார்புப் பகுதி எபிடியூரல் குழாய் (முதுகுத்தண்டு உறைக்கு வெளியே வைத்து மருந்து செலுத்துவது) இன்னும் வலுவான வழி, அது உள்வலியையும் பிடிக்கும். ரத்தம் உறையும் தன்மை சரியில்லை, தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்திருக்கிறது என்றால் எபிடியூரல் கூடாது. அப்போது வயிற்றின் நடுத் தசை உறையில் இருபக்கமும் மெல்லிய குழாய் வைத்து, நீர்த்த ரோபிவகைனை வேளைக்கு வேளை செலுத்துங்கள். குழாய் வழியாக மீண்டும் மருந்து கொடுக்க முடியும்போது, ஒற்றை ஊசியை நீட்டிக்கத் துணைமருந்தைத் தேட வேண்டிய தேவையே இல்லை. 24 மணி நேரத்துக்குள் மொத்தம் எத்தனை மி.கி. போயிருக்கிறது என்பதை மட்டும் கேஸ் ஷீட்டில் ஒவ்வொரு வேளையும் கூட்டி எழுதிவையுங்கள்.